காலம் கடத்திய கொர்ரா

இந்த சீசன் முடியும்வரை சாகக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

என் அளவுக்கு அது பெரிய முடிவு. எங்கள் வீட்டில் முடிவெடுக்கும் இலாகா கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியிடம் இருக்கிறது. எந்தச் சட்டை, எந்த பஸ், எந்த ஜன்னலைத் திறப்பது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. என் சாவு ஒன்றையாவது நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

விஷயம் தொண்டை டாக்டரிடம் ஆரம்பித்தது. அவர் என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா குரல் இப்படிக் கரகரன்னு இருக்கு?"

"பதினேழு வருஷமா, டாக்டர்."

விளக்கை அணைத்துவிட்டார். "பதினேழு வருஷமா? இத்தனை நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"சம்பாதிச்சுக்கிட்டிருந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நானும் என் மனைவியும் டப்பிங் பேசுகிறவர்கள். விசித்திரப் பிராணிகள் நிறைந்த, டி.வி.யில் சீசன் சீசனாக வரும் ஒரு பொம்மைப்படத் தொடர் உண்டு. ஒரு பையன் அந்தப் பிராணிகளைப் பிடிப்பான், வளர்ப்பான், சண்டைக்கு விடுவான். பள்ளிக்கூடப் பை, பென்சில், பல் பசை எல்லாவற்றிலும் அவற்றின் மூஞ்சிதான் இருக்கும். எங்கேயோ வரைகிறார்கள். நாங்கள் தமிழ் கொடுக்கிறோம்.

அந்தப் பையனுக்கு வயது பத்து. அவனுக்குக் குரல் கொடுக்கும் என் மனைவிக்கு அறுபத்துநாலு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அரைக்கால் சட்டை தெரியும்.

நான் அந்தப் பையனுடைய பிராணி. முள் முதுகு, முறக்காது, தொப்பை. பெயர் கொர்ரா. அது தன் பெயரைத் தவிர வேறொன்றும் பேசாது. பசித்தாலும் கொர்ரா, கடித்தாலும் கொர்ரா, கடிபட்டாலும் கொர்ரா. சொல் ஒன்று, ராகம் ஒன்பது. நான் அதிகம் படிக்காதவன். கூச்ச சுபாவம். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்கு வாய் வராது. ஒரே சொல்லை வைத்துப் பிழைக்கும் தொழில் எனக்கென்றே கண்டுபிடித்த மாதிரி அமைந்தது.

டப்பிங் அரங்கத்தில் என் மனைவி பையன் குரலில் கத்துவாள்: "கொர்ரா, பாய்! கொர்ரா, விடாதே!" நான் பாய்வேன். வீட்டுக்கு வந்ததும் சொந்தக் குரலில் கத்துவாள்: "என்னங்க, பால்!" அதற்கும் பாய்வேன். இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை. அரங்கத்தில் டீ கொடுப்பார்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். நல்ல செய்தியை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

"குரல்வளையை எடுத்துடணும்."

"முழுசாவா?"

"முழுசா. எடுத்துட்டா இன்னும் பல வருஷம் இருக்கலாம். ஆனா பேச்சு இருக்காது."

"எடுக்கலைன்னா?"

"பேசலாம்," என்றார். "கொஞ்சம் சீக்கிரம் பேசி முடிச்சுடணும்."

"எப்ப எடுக்கணும்?"

"நேத்தே எடுத்திருக்கணும்."

நேற்றுக்குப் போய்வரும் வசதி டாக்டரிடம் இல்லை. எங்கள் தொடரில் இருந்தது. அதுதான் வினை.

எங்கள் அரங்கம் சின்னது. வசனம் எழுதுபவர், எங்களைப் பேசவைப்பவர், மெஷினைத் தட்டுபவர் எல்லாம் ஒரே ஆள். நாங்கள் அவரை 'வசனம்' என்றே கூப்பிடுவோம். சீசன் தொடக்கத்திலேயே அவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

"சார், இந்தத் தடவை கதை முழுக்கக் காலப்பயணம்."

"அப்படின்னா?"

"காலவிழுங்கின்னு மலை மாதிரி ஒரு பிராணி. ஆளை இன்னிக்கு விழுங்கி முந்தாநாள் துப்பும்."

"ஏன்?"

"அதோட ஜீரணம் அப்படி, சார்."

கதை இதுதான். பிராணிகளின் பள்ளத்தாக்கு ஒரு நாள் தீப்பிடித்து அழிந்துவிடுகிறது. தீயைத் தடுக்கப் பையன் காலவிழுங்கியின் வயிற்றுக்குள் புகுந்து பழைய நாட்களுக்குப் போகிறான். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டுப்போகிறது. திரும்பத் திரும்பப் போகிறான்.

"ஒரு தடவையாவது பக்கெட்ல தண்ணி எடுத்துக்கிட்டுப் போகமாட்டானா?" என்று என் மனைவி கேட்டாள்.

"போனா கதை அன்னிக்கே முடிஞ்சிடும், அக்கா," என்றார் வசனம்.

அலைந்து அலைந்து பையன் காலத்துக்குள் தொலைந்துபோவான். எந்த வருஷத்தில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. கொர்ரா மட்டும் பாறைமேல் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் வீடு திரும்ப வேண்டும். இத்தனை வருஷமும் கடிக்கவும் உறுமவும் மட்டுமே தெரிந்த கொர்ரா இப்போது அழ வேண்டியிருந்தது.

நான் அழுதேன். வசனம் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், உங்க குரல்ல இந்தத் தடவை ஒரு ஆழம் இருக்கு. எங்கேருந்து வருது?"

எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். டாக்டர் ஸ்கேன் படத்தில் விரல் வைத்துக் காட்டியிருந்தார்.

பதினேழு வருஷத்தில் என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நோய் வந்துதான் எனக்குத் தொழில் வந்தது. அதை வெட்டி எறியச் சொல்கிறார்கள். நான் கணக்குப் போட்டேன். இந்த சீசன் முடியட்டும். கொர்ரா பையனைக் கூப்பிட்டு வீடு சேர்த்துவிட்டுத் தானும் வீடு திரும்பட்டும். அதுவரை டாக்டருக்கு ஏதாவது சாக்குச் சொல்லலாம், மனைவிக்கு எதுவுமே சொல்லவேண்டாம். கதையில் அவர்கள் காலத்தைக் கடந்தார்கள். நான் காலத்தைக் கடத்தினேன்.

டாக்டரிடம் முதல் சாக்கைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும், "எங்க போய்ட்டு வர்றீங்க?" என்றாள்.

"பல் டாக்டர்கிட்ட."

"எதுக்கு?"

"பல்லு வலி."

கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். "எந்தப் பல்லு? வாயில இருக்கறதா, டம்ளர்ல கிடக்கறதா?"

எனக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. பொய் சொல்லும் அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

"ஈறு," என்றேன்.

"ஓ," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். என் மனைவி ஒரு விஷயத்தை 'ஓ' என்று விட்டால் அது முடிந்தது என்று அர்த்தமில்லை. வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த பதிவில் அவள் கொர்ராவைக் கொன்றுவிட்டாள்.

காட்சி என்னவென்றால், கொர்ராவின் சத்தத்தைப் பிடித்துப் பையன் வீடு திரும்பிவிடுகிறான், கொர்ரா பழைய காலத்திலேயே நின்றுவிடுகிறது. குன்றின்மேல் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். எங்கள் தொழிலில் முதுகு காட்டும் காட்சி ஒரு வரப்பிரசாதம். உதடு தெரியாது. என்ன வேண்டுமானாலும் பேசலாம். தாளில் இருந்த வசனம்: 'கொர்ரா இறந்த காலத்திலேயே தங்கிவிட்டது.'

என் மனைவி மைக்குக்கு நெருங்கிப்போய், தழுதழுத்த பையன் குரலில், "கொர்ரா இறந்துவிட்டது," என்றாள்.

வசனம் மெஷினை நிறுத்தினார். "அக்கா, நடுவுல விட்டுட்டீங்க."

"விடலை. சுருக்கினேன். அழுதுக்கிட்டிருக்கற பையன் அவ்வளவு நீளமாவா பேசுவான்?"

"அர்த்தமே மாறுதே, அக்கா!"

"என்ன மாறுது? இறந்த காலம்தானே?"

"காலம்தான் இறந்தது. கொர்ரா இறக்கலை!"

"காலமே செத்துப்போச்சாம், அதுக்குள்ள இருக்கறது மட்டும் உயிரோட இருக்குமாம். வீடு இடிஞ்சு விழுந்துடுச்சு, உள்ள இருந்தவர் சாப்பிட்டுக்கிட்டிருக்கார்னு சொல்ற மாதிரி இருக்கு."

வசனம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பதறியது. கூச்சத்தை விட்டுவிட்டு, "அது சாகலை," என்றேன். "உயிரோடதான் இருக்கு."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டர் சொன்னாரா?"

வசனம் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு வசனம் அடுத்த படத்தை ஓடவிட்டுக் காட்டினார். பாறைமேல் கொர்ரா நின்றது. தொண்டை தெரிய வாயைப் பிளந்தது. "பாருங்க அக்கா, வாயைத் திறக்குது. செத்ததா எப்படிக் காட்டறது?" என் மனைவி பொங்கி வழியும் பாலைப் பார்ப்பது போல் அதைப் பார்த்தாள். "தொலையட்டும்," என்று சொல்லிவிட்டுத் தாளில் இருந்தபடியே பேசிமுடித்தாள். அதன்பின் நான் பாறைமேல் நின்று கூப்பிட்டேன். வசனம் அதைத் திரும்ப ஓட்டிக் கேட்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் டீ குடிக்கப் போனேன். அன்றைய டீயில் சர்க்கரை கூடுதல் போலிருந்தது.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் அவள் கேட்டாள்: "எப்ப ஆபரேஷன்?"

"எந்த ஆபரேஷன்?"

"பதினேழு வருஷமா ஹெட்போனை மாட்டிக்கிட்டு உங்க பக்கத்துல நிக்கறேன். நீங்க எச்சில் முழுங்கறதுகூட எனக்குக் கேக்கும். நாலு மாசமா அதுல ஏதோ இடறுது. நீங்க இறங்கற ஸ்டாப்புல ரெண்டே டாக்டர். ஒருத்தர் குழந்தைங்களுக்கு. இன்னொருத்தரைப் போய்ப் பார்த்தேன்."

"அவர் ஏன் சொன்னார்?"

"பொண்டாட்டின்னு சொன்னேன். உட்காருங்கன்னார்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சீசன் முடியட்டும்," என்றேன்.

"அதுக்குள்ள நீங்க முடிஞ்சிடுவீங்க."

"குரலை எடுத்துட்டா நான் யாரு? வாழ்நாள் முழுக்க நான் உருப்படியாப் பேசினது அந்த ஒரு சொல்லுதான். அதையும் புடுங்கிட்டா என்ன மிச்சம்?"

"நீங்க மிச்சம்."

"அது பெரிசில்லை. கொர்ரா என்னைத் தவிர யாருக்கும் வராது. இன்னிக்குக் கேட்டியா? வசனமே அழுதுட்டார். அந்தக் குரலை வச்சுக்கிட்டு நான் சாகறேன். அது இல்லாம என்னால இருக்க முடியாது."

இவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசியதே இல்லை. அவள் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். வெகுநேரம் தண்ணீர் சும்மா ஓடியது. மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அது நான்," என்றாள்.

"எது?"

"இன்னிக்கு அழுத கொர்ரா. நீங்க பேசினது நடுவுல உடைஞ்சிருந்துது. அப்பப்ப நீங்க டீ குடிக்கப் போவீங்கல்ல, அப்ப நான் திரும்பப் பேசிடுவேன். இந்த சீசன் முழுக்கவே அப்படித்தான். வசனம்தான் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னார்."

"பொய்."

"போன் போடறேன். கேளுங்க."

போட்டாள். சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தாள். "வசனம், இந்த சீசன் கொர்ரா யார் பேசறதுன்னு சார் கேக்கறார். உண்மையைச் சொல்லிடுங்க. நான் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு மௌனம். ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போகும் அளவுக்கு நீளமான மௌனம்.

"அக்காதான், சார்," என்றார் வசனம். "மன்னிச்சுக்கோங்க, சார்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். "எங்க, ஒரு தடவை சொல்லு, கேக்கறேன்."

"இங்கயா? மைக் இல்லாம எனக்கு வராது."

"ஏன் வராது?"

"உங்களுக்கு வந்துதா? வீட்ல ஒரு தடவையாவது பண்ணிக் காட்டியிருக்கீங்களா? பேத்தி காலைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினா. நீங்க பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டீங்க. கூச்சம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கணுமா?"

அவள் சொன்னது அத்தனையும் நடந்தது.

ஒரு மனிதனிடமிருந்து எதை எதையோ எடுத்துக்கொள்ளலாம். சாவதற்கென்று அவன் பத்திரமாக வைத்திருக்கும் காரணத்தை எடுத்துக்கொண்டால் அவன் என்ன செய்வான்? நான் டாக்டரிடம் போனேன்.

ஆபரேஷன் அன்று காலையில் தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். இன்னும் சற்று நேரம்தான் எனக்குப் பேச்சு. கடைசியாக ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும். இத்தனை வருஷம் கூட இருந்தாளே, அவளைப் பற்றி ஒரு வார்த்தை. கூச்சத்தை மென்று விழுங்கி, வார்த்தைகளை வரிசைப்படுத்தி, வாயைத் திறந்தேன். வண்டியைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். அவள் கூடவே ஓடிவந்தாள்.

"என்னங்க, வீட்டுச் சாவியை எங்க வச்சீங்க?"

"ஆணியில," என்றேன்.

கதவு மூடிக்கொண்டது. நான் இந்த உலகத்தில் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பிழைத்துக்கொண்டேன். இப்போது கழுத்தில் ஒரு ஓட்டை. மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சுக்குப் பதிலாக ஒரு சிலேட் வாங்கிக் கொடுத்தாள். நான் எழுதுவேன், அவள் வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்வாள். 'உப்பு அதிகம்' என்று எழுதினால், "நல்லா இருக்காம்," என்று சொல்லி அழித்துவிடுவாள்.

உடம்பு தேறியதும் அவள் பதிவுக்குக் கிளம்பிய ஒரு நாள் நானும் கூடப் போனேன். வேண்டாம் என்றாள். வீட்டில் இருந்தால் போரடிக்கிறது என்று எழுதிக்காட்டினேன். எல்லாம் முடியும் காட்சி அன்று. கொர்ரா காலத்தைக் கடந்து திரும்பிவருகிறது. பையனைப் பார்க்கிறது. கூப்பிடுகிறது.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வசனத்தின் அருகில் உட்கார்ந்தேன். என் மனைவி உள்ளே மைக் முன் நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் கொர்ரா வாயைத் திறந்தது.

ஜலதோஷம் பிடித்த வாத்து ஒன்று தண்ணீர்க் குழாய்க்குள் மாட்டிக்கொண்டு கத்தியது.

"இன்னொரு தடவை போலாமா, அக்கா," என்றார் வசனம்.

இப்போது வாத்துக்கு ஜலதோஷம் விட்டு இருமல் பிடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை அது பையன் குரலிலேயே வந்தது. கண்ணை மூடினால் கொர்ராவும் அரைக்கால் சட்டை போட்டிருந்தது.

நான் சிலேட்டில் எழுதி வசனத்திடம் நீட்டினேன்: 'முன்னே நன்றாகப் பேசினாளே?'

வசனம் அதைப் படித்தார். கண்ணாடி வழியாக என் மனைவியைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். மெஷினிடமே சொல்வது போல மெல்லச் சொன்னார்.

"அக்கா ஒரு தடவைகூடப் பேசினதில்லை, சார். எல்லாமே நீங்கதான். பாறைமேல நின்னு அழுதது, அதுவும் நீங்கதான். அன்னிக்கு போன்ல... எனக்கு வேற வழி தெரியலை, சார்."

சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டேன். சுண்ணாம்புக்கட்டி கையில் இருந்தது.

வசனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். இரண்டு வரி புதிதாக எழுதி உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பையன் திரையில் முதுகைக் காட்டிக்கொண்டு கொர்ராவைக் கட்டிப்பிடித்திருந்தான். என் மனைவி பேசினாள்: "கொர்ரா, உன் குரல் ஏன் இப்படி ஆயிடுச்சு?" காலவிழுங்கிக்கு வசனமே குரல் கொடுத்தார்: "காலத்தைத் தாண்டி உயிரோடு வருகிறவர்கள் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் வரமுடியும், பையா." அதற்குப் பையன் ஒன்றும் பேசக்கூடாது. தாளில் ஒன்றும் இல்லை. உள்ளே மைக் முன்னால் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் பதிவாகிவிட்டது. அதை வெட்ட வேண்டாம் என்றார் வசனம்.

பதிவு முடிந்து வெளியே வந்தோம். அவள் என் கையிலிருந்த சிலேட்டையும் சுண்ணாம்புக்கட்டியையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் வரிசையில் நின்றோம். நான் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினேன். எனக்கு நிறையக் கேட்கவேண்டியிருந்தது. என்னை ஏமாற்றினாயே என்று கேட்கவேண்டும். என் குரல் நன்றாகத்தானே இருந்தது என்று கேட்கவேண்டும். அதைத் தெரிந்துகொண்டே வெட்டச் சொன்னாயே, கல்நெஞ்சுக்காரி என்று வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தவேண்டும்.

வாயை எவ்வளவு திறக்கமுடியுமோ அவ்வளவு திறந்தேன். உதடு அசைந்தது. கை ஆடியது. கழுத்து ஓட்டையில் புஸ்ஸென்று காற்று வந்தது.

அவள் பொறுமையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. நான் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைல்ல? அப்ப ஏறுங்க, பஸ் வந்துடுச்சு."